முப்பத்துநாலு வீட்டு எலி

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் ஷாலினியின் குதிகாலை எலி கொறித்தது. அவள் போட்ட கூச்சலில் ஏணையில் கிடந்த இருபத்திரண்டு நாள் பிள்ளை வீறிட்டு அழுதது. ஜெயம் ஓடிவந்து லைட்டைப் போட்டாள். ஆதிநாராயணன் பாயிலிருந்து எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாகச் சந்தேகப்பட்டான்.

"இது நம்ம ஊட்டு எலி இல்லமே."

ஜெயம் மகளின் காலை மடியில் தூக்கி வைத்துத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தாள். "நம்ம ஊட்டு எலின்னா கழுத்துல அட்டை மாட்டிக்கினு வருமா? போய் ஆட்டோவக் கூப்டுய்யா."

"நம்ம எலிக்கு இம்மாம் தைரியம் கெடையாது. இது கீழ் வரிச எலி. பிரான்சிசு ஊட்டு எலி."

"ப்பா, ரத்தம் வருதுப்பா," என்றாள் ஷாலினி.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு ரத்தம் கண்ணில் பட்டது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் ஏரிக்குக் கீழே இருக்கிறது அந்தக் காலனி. முப்பத்துநாலு தொகுப்பு வீடுகள். பதினேழு மேல் வரிசை, பதினேழு கீழ் வரிசை. நடுவில் ஒரு சாக்கடைக் கால்வாய், அதைத் தாண்ட ஒரு சிமெண்ட் பலகை. மேல் வரிசைச் சுவர்களில் அங்காளம்மன் காலண்டர் அதிகம், கீழ் வரிசையில் மாதா காலண்டர் அதிகம். மழை பெய்தால் இரண்டும் ஒரே மாதிரி நனையும்.

ஆதிநாராயணன் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்குகிறவன். முப்பது வருடமாகத் தூக்கியதில் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. "எனக்குக் கழுத்து இல்லாதது நல்லதுக்குத்தான். எவனும் புடிச்சி வெளிய தள்ள முடியாது" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரிக்க வைப்பது அவனுக்குச் சுலபம். ஜெயத்தைத் தவிர.

ஒரே மகள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தான். மாப்பிள்ளை ராஜசேகருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவான். அங்கே கரும்புக் கொல்லை ஓரத்து வீட்டில் மாமியார் கொளஞ்சியம்மாள் ஒருத்திதான். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த அன்றே ஜெயம் ஒரு சட்டம் போட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு வீட்டில் எந்த உயிரையும் அடிக்கக் கூடாது. பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் வரைக்கும் கூடாது.

"அவ அங்க இருக்கா. எலி இங்க இருக்குது," என்று ஆதிநாராயணன் வாதாடிப் பார்த்தான்.

"பாவம் பஸ் புடிச்சிக்கினு போவாதா?" என்றாள் ஜெயம்.

ஆகவே எலி மருந்து குப்பைக்குப் போனது. மூலையில் நின்ற தடி விறகானது. அனந்தபுரம் சந்தையிலிருந்து ஒரு கம்பிக்கூண்டு வந்தது. கருவாட்டுத் துண்டைக் கட்டி வைத்தால் வாரத்துக்கு நாலு எலி விழும். விழுந்ததைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, சிமெண்ட் பலகையைத் தாண்டி, கீழ் வரிசைக்குப் பின்னால் இருக்கும் வேலிக்காத்தான் புதரில் திறந்துவிட்டு வருவான். புதர் பொதுவானது. அதற்கு எதிரே கொத்தனார் பிரான்சிஸின் வீடு இருந்தது பிரான்சிஸின் தலையெழுத்து.

இப்படி எட்டு மாதமாக நூறு எலிக்கு மேல் உயிர்ப்பிச்சை கொடுத்தும் அவன் வீட்டில் எலி குறையவில்லை. எப்படிக் குறையும்? எவனோ கொண்டுவந்து விடுகிறான். இவ்வளவு கீழ்த்தரமான வேலையைச் செய்ய ஒருவனுக்கு எப்படி மனசு வரும் என்று ஆதிநாராயணன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஜெயம் பூண்டுக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கொளஞ்சியம்மாள்.

"அண்ணே, கேள்விப்பட்டது நெசமா?"

"சும்மா ஒரு கீறலு சம்பந்தியம்மா. எறும்பு கடிச்சாப்ல."

"எறும்பு கடிச்சா ஊசி போடறாங்களா உங்க ஊர்ல? இன்னிக்கு மருமவ காலு. நாளைக்கு எம் பேரப்புள்ள வெரலு. வர்ற ஞாயித்துக்கெழம நான் வர்றேன். ரெண்டு பேரையும் இட்டுக்கினு போயிடறேன்."

"மூணாம் மாசம் வரிக்கும் அம்மா ஊட்ல இருக்கறதுதானங்க மொறை..."

"அம்மா ஊடா, எலி ஊடாண்ணே அது? எங்க ஊட்ல ஒரு எலி கெடையாது. வந்து பாருங்க, தரையில சோறு போட்டுத் திங்கலாம்."

போன் வைக்கப்பட்டது. ஆதிநாராயணன் ஏணைப் பக்கம் பார்த்தான். கமிட்டியிலிருந்து வந்ததும் உடம்பு மண்ணைக் கழுவிவிட்டு ஏணைக்குக் கீழே உட்கார்ந்துகொள்வதுதான் இருபத்திரண்டு நாளாக அவனுடைய சாயங்காலம். பிள்ளை தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டும். அதற்குப் பதிலாக இவனும் சப்புக்கொட்டுவான். வேறு பேச்சு கிடையாது. ஆனாலும் பேசி முடிக்காத மாதிரியே இருக்கும்.

"ஞாயித்துக்கெழமக்கி இன்னும் ஆறு நாளு கீது," என்றான்.

"ஆறு நாள்ல இன்னா பண்ணுவ?" என்றாள் ஜெயம்.

"எவன் விடறான்னு கண்டுபுடிப்பேன்."

"கண்டுபுடிச்சி?"

அதை அவன் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய எலி விழுந்தது. கமிட்டியில் மூட்டைகளுக்கு வியாபாரியின் அடையாளம் போடும் பச்சைப் பெயிண்ட் ஒரு டப்பா அடியில் மிச்சமிருந்தது. குச்சி முனையில் துணி சுற்றி, கம்பி இடுக்கு வழியாக எலியின் முதுகில் நீளமாக ஒரு கோடு இழுத்தான். எலி அவனை ஒரு பார்வை பார்த்தது. முப்பது வருடத்தில் எந்த மேஸ்திரியும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. கொண்டுபோய்ப் புதரில் விட்டான்.

இந்தப் பச்சை எலி திரும்பத் தன் வீட்டுக் கூண்டில் விழுந்தால், பிரான்சிஸ்தான் பிடித்துக் கொண்டுவந்து விடுகிறான் என்பது ருசுவாகிவிடும். இதுதான் திட்டம். திரும்பி வரும் வழியில் பலகையின் நடுவில் வந்தபோதுதான் அந்த ருசுவில் ஒரு பொத்தல் இருப்பது தெரிந்தது. பச்சை எலி முதலில் பிரான்சிஸ் வீட்டுப் பக்கம் எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்பார்கள்.

கேட்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் இன்னொரு எலி விழுந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆவணி மழையில் கொல்லையெல்லாம் சேறாகி, வயல் எலியும் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்த நேரம். கூண்டைத் துண்டால் மூடிக்கொண்டு பலகையில் கால் வைத்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து பிரான்சிஸ் வருகிறான். அவன் கையில் சிமெண்ட் பையால் மூடிய ஏதோ ஒன்று. பலகையில் ஒருத்தர்தான் போக முடியும். இருவரும் நின்றார்கள்.

"இன்னா நாராயணா, கையில?"

"மீனு. மரக்காணத்து அம்மா குடுத்துட்டுப் போனாங்க. பால்சுறா. பொண்ணுக்குப் பாலு ஊறும்."

"பொண்ணுக்கு மீன எடுத்துக்கினு கீழ் வரிசைக்கி வர்ற?"

"சும்மா காத்தாட. நீ இன்னா வச்சிக்கினு கீற?"

"கோழி."

"எங்க?"

"அதுக்கும் காத்தாடத்தான்."

மீனும் கோழியும் ஒரே சமயத்தில் கீச்சென்றன.

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். "மழ புடிச்சிக்கும் போல," என்றான் பிரான்சிஸ். "ஆமாமா," என்றான் ஆதிநாராயணன். இரண்டு பேரும் வந்த வழியே திரும்பினார்கள். அன்றைய எலியை ஆதிநாராயணன் ஏரிக்கரை வரை நடந்துபோய் விட வேண்டியதாயிற்று. அங்கே கூண்டோடு இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கூண்டில் பச்சை எலி உட்கார்ந்திருந்தது.

"மே! ஜெயம்! வந்து பாரு! மாட்டிக்கினான் கொத்தனாரு!"

ஜெயம் குனிந்து பார்த்தாள். "பச்சக்கிப் பக்கத்துல செவப்பா இன்னாது?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில், கொத்தனார்கள் தரைக்குப் போடும் காவி, அதுவும் கோணாமல் மட்டம் வைத்துப் போட்டது போல நேராக ஒரு கோடு.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் டேங்க் அடியில் இளவரசி கூட்டம் போட்டிருந்தாள். வீடு வீடாக வந்து தொட்டியில் கொசுப்புழு பார்க்கிற பெண். ஷாலினி விஷயம் காதில் விழுந்து, எலிக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வந்திருந்தாள். முப்பத்துநாலு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. பக்கத்து வீடு என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் பாதிப் பேர் வந்தார்கள்.

இளவரசி பேச ஆரம்பிப்பதற்குள் ஆதிநாராயணன் கூண்டை எடுத்து நடுவில் வைத்தான்.

"யம்மா இளவரசி, நீ பேசறதுக்கு மின்ன இத்தப் பாரு. இந்தக் காவி யார் பூசுனது? நம்ம காலனில காவி வச்சிக்கினு வேல செய்யற ஆளு எத்தினி பேரு?"

எல்லோரும் பிரான்சிஸைப் பார்த்தார்கள். பிரான்சிஸ் மெதுவாக எழுந்து வந்து, கூண்டைச் சுற்றி ஒருதரம் நடந்து, கட்டிய சுவரைப் பார்வையிடுகிற மாதிரி பார்த்தான்.

"காவி நான் பூசுனதுதான். எவன் ஊட்டுப் பக்கத்துலேர்ந்து எலி வருதுன்னு பாக்கறதுக்கு அடையாளம் வச்சேன். ஆனா எங்கிட்ட மாட்டும்போதே இது மேல பச்ச இருந்துதே. அது யார் பூசுனது?"

ஆதிநாராயணன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். மூன்று நாளாகத் தேய்த்தும் போகாத பச்சை.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் நம்பர் வீட்டு சீனுவாசன் சிரிப்பு தாங்காமல், "நானாச்சும் பரவால்ல, பஸ் ஸ்டாப்புல விட்டேன்" என்று உளறிவிட்டான். அதோடு அணை உடைந்தது. ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். ஒருத்தர் பிள்ளையார் வாகனம் என்று வெள்ளிக்கிழமை மட்டும் விடுவாராம். கீழ் வரிசை மேல் வரிசையில், மேல் வரிசை கீழ் வரிசையில். முப்பத்துநாலு வீட்டு எலியும் டவுன் பஸ் மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மருந்து வச்சா இன்னாய்யா உனுக்கு?" என்று ஆதிநாராயணன் பிரான்சிஸைக் கேட்டான். தோற்ற கோபம்.

"ரெண்டு வருசத்துக்கு மின்ன வச்சேன். மாவுல உருட்டி. என் சென ஆடு தின்னுட்டுது." பிரான்சிஸ் சிரிக்காமல் சொன்னான். "சாயங்காலம் வரிக்கும் துடிச்சிக்கினு கெடந்துது. வயித்துல ரெண்டு குட்டி."

இளவரசி அதுவரை ஒரு ஓரமாக நின்றிருந்தாள். "இங்க கொஞ்சம் கேளுங்க. விட்டாலும் வரும், அடிச்சாலும் வேற வரும். தின்றதுக்குத் தீனி, பூர்றதுக்குப் பொந்து, இது ரெண்டும் இருக்கற வரிக்கும் வந்துக்கினேதான் இருக்கும். நாய்க்கின்னு சோத்த வாசல்ல கொட்டி வைக்கறீங்க. மல்லாட்டையத் தரையில குமிச்சி வைக்கறீங்க. மல்லாட்டக் கொடிய செவுத்தோரம் போர் போட்டு வச்சிருக்கீங்க. ஒரே நாள்ல முப்பத்துநாலு ஊட்லயும் பொந்த அடைக்கணும். ஒரு ஊடு விட்டாலும் அத்தினியும் அங்க போய் உக்காந்துக்கும்."

"நாங்க அடைப்போம். அவங்க அடைக்க மாட்டாங்க," என்றது மேல் வரிசை. அதையே கீழ் வரிசையும் சொன்னது.

"அப்ப யாரு போய்ப் பாக்கறது?"

"எவனும் எவன் ஊட்டுக்குள்ளயும் வரக் கூடாது."

இளவரசி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். "சரி. யாருக்கு யார் மேல சந்தேகம் ஜாஸ்தி? வெரல நீட்டுங்க பாக்கலாம்."

இந்த மாதிரி வாய்ப்பு காலனியில் யாருக்கும் கிடைத்ததே இல்லை. ஒரு நொடியில் நாற்பது விரல் நீண்டது. ஆதிநாராயணன் விரல் பிரான்சிஸ் மேல். பிரான்சிஸ் விரல் ஆதிநாராயணன் மேல்.

"அவ்வளவுதான். சந்தேகப்படறவங்களே போய்ப் பாக்கணும். சனிக்கெழம அடைக்கறது. அதுக்கப்பறம் ஒரு வாரம் தெனம் காலைல போய் எலி தடம் கீதான்னு பாத்து எங்கிட்ட சொல்லணும். தடம் இருக்கற ஊட்டுக்காரங்க எல்லார் மின்னாலயும் வந்து நிக்கணும்."

அந்தக் காலனியில் அதுவரை எந்த வேலையும் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்ததில்லை. அடுத்தவன் வீட்டுக் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் ஆசையில் சனிக்கிழமை ஆறு மணிக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிரான்சிஸ் சிமெண்ட் கலக்க, ஒயின் ஷாப் பக்கம் பொறுக்கிய பாட்டில்களை உடைத்துப் பொடியாக்கி அதில் கலந்தார்கள். கடிக்க வருகிற எலி பல்லில் கண்ணாடி படட்டும். பெண்கள் மல்லாட்டைக் கொடியை கட்டுக் கட்டாகத் தூக்கிக் கொல்லைக் கோடியில் போர் போட்டார்கள். கதவுக்கு அடியில் தகடு அடித்தார்கள். சீனுவாசன் முருங்கைமரத்தில் ஏறி, கூரையைத் தொடுகிற கிளையை வெட்டினான். மதியம் தண்ணீர் டேங்க் அடியில் ஒரே அண்டாவில் கேப்பைக் கூழ். தொட்டுக்கொள்ள வெங்காயமும் நெத்திலிக் கருவாடும். குடித்ததும் சொம்பைக் கழுவிக் கவிழ்க்கிறார்களா என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரான்சிஸ் வீட்டை ஆதிநாராயணன் இரண்டு மணி நேரம் தேடினான். அடுப்படியில் குனிந்தான், கட்டிலுக்கு அடியில் படுத்தான், மாதா படத்துக்குப் பின்னால்கூட எட்டிப்பார்த்தான். ஒரு பொந்து இல்லை. கொத்தனார் வீடு. "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். அவ்வளவு ஏமாற்றம் அவனுக்குச் சமீபத்தில் ஏற்பட்டதில்லை.

பிறகு பிரான்சிஸ் இவன் வீட்டுக்கு வந்தான். கீழே எல்லாம் பார்த்தான். "பரண்ல இன்னா?"

"கோணி. கிழிஞ்ச கோணி. தச்சிக் கூரை மேல போட்டா ஒழுவாதுன்னு சேத்து வச்சிருக்கேன்."

"எத்தினி?"

"ஒரு அறுவது."

பிரான்சிஸ் ஸ்டூலைப் போட்டு ஏறினான். மேல் கோணியை எடுத்தான். அடுத்ததை எடுத்தான். பத்தாவது கோணியில் கை நின்றது. "நாராயணா, இப்படி ஏறு."

கோணி நாரும், மல்லாட்டைத் தோலும், ஷாலினியின் பழைய பள்ளிக்கூடத் தாவணிக் கிழிசலும் சேர்த்து மெத்தென்று ஒரு குழி. அதில் கண் திறக்காத ஒன்பது குஞ்சுகள். ரோமம் இல்லாமல், விரல் நுனி அளவில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பால் தேடிக்கொண்டிருந்தன. சுவரில் ஒயர் நுழைகிற இடத்தில் கை போகிற அளவு பொந்து.

எட்டு மாதமாக ஊரெல்லாம் தேடிய தாய்வீடு அவன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. ஏணைக் கயிறு கட்டிய உத்தரத்துக்கு நேர் மேலே. கமிட்டியிலிருந்து ஒவ்வொரு கோணியாக அவனே சுமந்து வந்து அடுக்கிய மெத்தை.

கீழே ஜெயம் புரிந்துகொண்டாள். "எத்தினி?"

"ஒம்போது."

"கண்ணு தொறந்துடுச்சா?"

"இல்லமே."

ஷாலினி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் காது கொடுத்து நின்றிருந்தது. ஆதிநாராயணனுக்கு ஒரு சிரிப்பு வார்த்தையும் வாய்க்கு வரவில்லை. இனி பிரான்சிஸ் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு வரப்போகிற சம்பந்தியின் காதுக்குப் பஸ் ஸ்டாப்பிலேயே போய்விடும்.

பிரான்சிஸ் அந்தக் கோணியை நாலு மூலையும் சேர்த்து மடித்தான். ஸ்டூலிலிருந்து இறங்கி அதன்மேல் சிமெண்ட் பையைப் போட்டு மூடினான்.

"புள்ள பெத்த ஊடு. நீங்க யாரும் செய்ய வாணாம்," என்றான் மெல்ல. "எங்க ஊட்ல அப்படி யாரும் இல்ல."

"உன்னாலயும் ஆவாதேய்யா," என்றான் ஆதிநாராயணன்.

பிரான்சிஸ் வாசலுக்குப் போய்க் குரலை உயர்த்தினான். "மேல் வரிச மூணாம் நம்பரு பாத்தாச்சி! ஒயரு பொந்து ஒண்ணு, அத நானே பூசிடறேன். மத்தபடி சுத்தம்!"

அரை மணி கழித்து, அலசிப் பிழிந்த கோணியை வேலியில் காயப்போட்டுவிட்டு வந்து, ஒயர் பொந்தைப் பூசினான். பூசிய இடத்தையே கரண்டியால் ஐந்தாறு தடவை தேய்த்தான். அந்தக் குஞ்சுகளை என்ன செய்தாய் என்று ஆதிநாராயணன் கேட்கவில்லை. புதரில் விட்டானா, கால்வாயில் விட்டானா என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. மிச்சம் ஐம்பத்தொன்பது கோணியையும் டேங்க் அடியில் போட்டுக் கொளுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் கொளஞ்சியம்மாள் வந்து இறங்கினாள். கையில் பெரிய பை. வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினாள். கதவுத் தகட்டைக் காலால் தட்டினாள். சுவரோரம் குனிந்து குனிந்து நடந்தாள். பால்சுறாப் புட்டையும் சோற்றையும் சாப்பிட்டுக்கொண்டே பரணைப் பார்த்தாள்.

"நேத்து ஒரு நாளு பூசிட்டா எலி போயிடுமாண்ணே?"

"முப்பத்துநாலு ஊடும் பூசியிருக்கோம் சம்பந்தியம்மா."

"சிமெண்ட்டு எனக்கும் தெரியும். எலியும் தெரியும். நான் நம்ப மாட்டேன்." பையைத் திறந்தாள். நாலு புடவை மடித்து வைத்திருந்தது. "கூட இருந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்."

ஜெயமும் ஆதிநாராயணனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இட்டுக்கொண்டு போக வந்தவள் எதற்கு நாலு புடவை எடுத்து வர வேண்டும்? ஆதிநாராயணனுக்கு அந்தப் பை மேல் சந்தேகம் வந்தது. வந்ததை மென்று விழுங்கினான்.

பொழுது சாய்ந்ததும் கொளஞ்சியம்மாள் பிள்ளையின் பவுடர் டப்பாவை எடுத்துச் சுவரோரம் நெடுகத் தூவினாள். "எலி வந்தா காலு பதியும். யாரும் பொய் சொல்ல முடியாது." படுக்கையை ஏணைக்குக் கீழே, ஆதிநாராயணன் உட்காருகிற அதே இடத்தில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் பவுடர் தூவியது தூவியபடி இருந்தது. பிரான்சிஸ் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். "ஒரு நாள வச்சி சொல்ல முடியாது," என்றாள் கொளஞ்சியம்மாள். அன்று முழுவதும் பிள்ளையைக் கீழே விடவில்லை. எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவிவிட்டு, தண்ணீர் ஊற்றி, சாம்பிராணி போட்டு, "எங்க அப்பன் மூக்கு, எங்க அப்பன் மூக்கு" என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையும் தடம் இல்லை. "செவ்வாய்க்கெழம எலி வெளிய வராது." புதன்கிழமையும் இல்லை. அதற்கு அவளிடம் காரணம் கிடைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவளே சொன்னாள். "சரிண்ணே. புள்ளையும் தாயும் மூணாம் மாசம் வரிக்கும் இங்கயே இருக்கட்டும். நான் நாளைக்கிக் கெளம்பறேன்."

ஜெயம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆதிநாராயணனுக்கு மூட்டை இறக்கிய மாதிரி இருந்தது. ஆனால் கொளஞ்சியம்மாள் புடவைகளைப் பையில் வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். ஒரு புடவையை மூன்று தடவை மடித்தாள்.

"அங்க போய் இன்னா பண்ணப் போறீங்க அத்த?" என்றாள் ஷாலினி.

"இன்னா பண்றது? டிவி போட்டுக்கினு உக்காந்திருப்பேன். கரும்புக்குள்ளாற நரி கத்தும். எலி ஓடும். கேட்டுக்கினு படுத்திருப்பேன்."

"எலியே இல்லன்னீங்க?" என்று வாய் வரை வந்ததை ஆதிநாராயணன் அடக்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் ஜெயத்தின் குரல் கேட்டு அவன் எழுந்தான்.

சுவரோரப் பவுடரில், கதவிலிருந்து ஏணை வரைக்கும், வரிசையாகத் தடம் பதிந்திருந்தது. ஜெயம் வாயில் கை வைத்து நின்றாள். கொளஞ்சியம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நான்தான் சொன்னேனே, நாலு நாளு போதாதுன்னு" என்றாள். குரலில் கவலையே இல்லை. ஷாலினி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆதிநாராயணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். மூட்டைக் கிடங்கில் முப்பது வருடம் எலித்தடம் பார்த்தவன். இந்த எலிக்கு நாலு காலும் ஒரே அளவு. ஒவ்வொரு கால் நுனியிலும் ரேகை ஓடியது. நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையின் முதுகைத் தட்டுகிற கையின் விரல் நுனிகள் ஐந்தும் வெள்ளையாக இருந்தன.

வெளியே கால்வாய்ப் பலகை ஆடுகிற சத்தம். பிரான்சிஸ் வருகிறான். தடம் இல்லை என்று சொன்னால் பத்து மணி பஸ்ஸுக்குப் பை தயார். தடம் இருக்கிறது என்று சொன்னால் முப்பத்துநாலு வீட்டுக்கு முன்னால் தண்ணீர் டேங்க் அடியில் தலைகுனிந்து நிற்க வேண்டும். காலனியிலேயே எலி வந்த ஒரே வீடு. வருடக் கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். கழுத்து இல்லாதவன் தலையைக் குனிவது எப்படி என்று அதற்கும் ஒரு ஜோக்கு அவனே சொல்ல வேண்டியிருக்கும்.

"ஒண்ணு பூந்துட்டாப்லதான் இருக்குது சம்பந்தியம்மா," என்றான். "இன்னும் ஒரு பத்து நாளாவது நீங்க கூட இருந்து பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

"நீங்க சொன்னா சரிண்ணே. எனக்கு ஊர்ல ஆயிரம் வேல கெடக்குது. இருந்தாலும் இன்னா பண்றது."

பலகைச் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் வாசலை நெருங்கியது. ஆதிநாராயணனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பிரான்சிஸும் எலி தெரிந்த ஆள்தான். அவசரமாக மண்டியிட்டு, கதவோரத்திலிருந்து ஆரம்பித்து, கால் தடங்களுக்கு நடுவே சுண்டுவிரலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே ஏணை வரைக்கும் தவழ்ந்து போனான். வால் இழுபடாமல் எந்த எலி நடக்கும்?

நிமிர்ந்தபோது கொளஞ்சியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளில் பிள்ளை தூங்கிவிட்டிருந்தது.

"அண்ணே," என்றாள், பிள்ளை எழுந்துவிடாதபடி தணிந்த குரலில். "வாலு கொஞ்சம் நீளமாப் போச்சி."